வதனி அடித்த சிக்ஸ்

விளையாடத் தெரிந்தவர்கள் மைதானத்துக்குள்ளே நிற்பார்கள். தெரியாதவர்கள் வெளியே நின்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் பிறந்ததிலிருந்தே இரண்டாவது கூட்டம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்குப் பந்து பொறுக்கிக் கொடுக்கக்கூட என்னை எடுக்கவில்லை. ஆனால் எதிர்ப் பள்ளிக்கூடத்தோடு வருடத்துக்கு ஒருமுறை வரும் பிக் மட்ச் நாளில் என்னை விட்டால் ஆளில்லை. கொடி பிடிப்பது நான். தகரம் அடிப்பது நான். எங்கள் ஆள் ஒருவன் அரைச் சதம் அடித்தாலோ, பந்தைக் கயிற்றுக்கு வெளியே தூக்கினாலோ மைதானத்துக்குள் பாய்ந்து ஓடி அவன் கழுத்தில் மாலை போடுவதும் நான்தான். (ஒருமுறை அவசரத்தில் அம்பயருக்குப் போட்டுவிட்டேன். அவர் கழற்றவில்லை.)

இந்தத் தகைமைகளோடுதான் எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே அவற்றுக்கு ஒரு மதிப்பும் இருக்கவில்லை. ரெய்னர்ஸ் லேனில் ஒரு வாடகை வீடு, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை, அவ்வளவுதான். சில வருடங்கள் கழித்து அம்மாவும் தங்கை வதனியும் வந்தார்கள். அப்பா இல்லாத குடும்பம் என்பதால் வதனியின் படிப்பு, பழக்கவழக்கம், எதிர்காலம் எல்லாம் என் தோளில்தான் இருக்கின்றன என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவளை யாரும் கேட்கவில்லை.

வதனி வீட்டுக்குள் வாயாடி. அம்மாவை ஒரு வசனமும் முடிக்க விடமாட்டாள். வாசற்படியைத் தாண்டினால் ஊமை. கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடமாகியும் அவள் வாயிலிருந்து வந்த ஆங்கிலம் யெஸ், நோ, சொறி என்ற மூன்றும்தான். அதிலும் சொறிதான் அதிகம். யாராவது அவள் காலை மிதித்தாலும் இவள்தான் சொறி சொல்லுவாள். மத்தியானச் சாப்பாட்டை நூலகத்தின் பின்படியில் தனியாக இருந்து சாப்பிடுகிறாள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை.

அந்தக் கல்லூரிக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உடற்பயிற்சி ஆசிரியை வந்தார். மிஸ் டோனா. பெடியன்களுக்குப் பேஸ்போல், பெட்டையளுக்குச் சொஃப்ட்போல் என்று இரண்டு அணிகளைத் தொடங்கினார். வதனி நெட்டை, காலும் வேகம். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு நூலகப் படியில் சாப்பாடு நின்றுபோனது. கரன் என்ற செம்பட்டை முடிக்காரியும் மற்ற விளையாட்டுக்காரிகளும் இவளைத் தங்கள் மேசைக்கு இழுத்துக்கொண்டார்கள். இவள் அங்கேயும் பேசவில்லை. ஆனால் சிரித்தாள்.

சிக்கல் என்னவென்றால், இந்த விளையாட்டில் பந்து உயரக் கிளம்பினால் இரண்டு மூன்று பேர் அண்ணாந்து பார்த்தபடி ஓடுவார்கள். பிடிக்கப் போகிறவள் 'எனக்கு' என்று கத்த வேண்டும், மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். வதனி கத்தமாட்டாள். பேசாமல் ஓடிப் போய் மோதுவாள். பயிற்சியின்போது கரனின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. (வதனி சொறி சொன்னாள்.) மிஸ் டோனா அவளைக் கூப்பிட்டு, ஒருத்திக்குக் கால் சுளுக்கு, வருகிற சனிக்கிழமைப் போட்டியில் அவளுடைய இடத்தில் நீ விளையாடு, வாயைத் திறந்தால் முதல் அணியில் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டும், ஆட்கள் காயப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தன்மையாகச் சொல்லிவிட்டார்.

"பந்துக்குப் பயமில்லை அண்ணா," என்றாள் வதனி. "கத்தத்தான் பயம். இங்கிலீசில பிழையாய்க் கத்தினா எல்லாரும் சிரிப்பினம்."

"ஒரு சொல்லுத்தானேயம்மா."

"அந்தச் சொல்லு தொண்டையில வந்து நிக்குது. வெளிய வருதில்லை." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் வாறீங்களோ? எங்கட ஆக்கள் ஒருத்தராவது நிண்டா எனக்குத் துணிவாயிருக்கும். ஆனா அண்ணா, சும்மா நிக்கோணும். உங்கட பள்ளிக்கூட விளையாட்டெல்லாம் இஞ்ச காட்டக்கூடாது."

ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சொஃப்ட்போல் என்றால் என்ன விளையாட்டு என்று நான் கேட்கவேயில்லை. ஏன் கேட்க வேண்டும்? எங்கள் ஊரில் தோல் பந்தில் விளையாடும் கிரிக்கெட் ஹார்ட்போல். ரெனிஸ் பந்தில் விளையாடும் கிரிக்கெட் சொஃப்ட்போல். ஒழுங்கையில் தென்னை மட்டையோடு நிற்கும் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். வதனி இடையிடையே பேஸ் என்றும் பிச்சர் என்றும் ஏதேதோ சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு அந்த வயதில் இருக்கவில்லை. பேஸ்போல்தான் அமெரிக்கக்காரருடைய சங்கதி, சொஃப்ட்போல் நம்முடைய சங்கதி என்று நானே ஒரு கோடு கிழித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தவர் குணம் அண்ணை. கடைகளுக்குச் சாமான் இறக்கும் வான் வைத்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தோடு பிக் மட்ச் விளையாடும் எதிர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஊரிலே சந்தித்திருந்தால் கைகலப்பாகியிருக்கும். லண்டனில் ஒன்றாகச் சோறு சமைத்தோம். சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்கள் பிரகாசமாகின.

"தம்பி, எங்கட பிள்ளையின்ர மட்ச். வெறுங்கையோட போகேலாது."

"சும்மா நிக்கச் சொன்னவள் அண்ணை."

"சும்மாதான் நிப்பம். ஆனா அடிச்சா? அடிச்ச பிள்ளைக்கு ஒரு மாலை போடாம வாறதோ?"

நியாயமாகப்பட்டது. ஆனால் அந்த நாளில் ரெய்னர்ஸ் லேனில் மாலைக்கு எங்கே போவது? குணம் அண்ணை தன் அறைச் சுவரைப் பார்த்தார். அங்கே பிள்ளையார் படத்தில் சரிகை வைத்த பிளாஸ்டிக் மாலை ஒன்று தொங்கியது. "அவர் ஒருநாள் பொறுப்பார்," என்று கழற்றினார். கையோடு ஒரு பெரிய பிஸ்கற் தகரத்தையும் எடுத்துக்கொண்டார். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். அம்மா இருவருக்கும் பசிக்கும் என்று இருபது பேருக்குப் போதுமான மட்டன் ரோல்ஸ் செய்து தந்தா. தான் வரவில்லை என்றுவிட்டா. மகள் ஓடுவதைப் பார்த்தால் நெஞ்சு இடிக்குமாம்.

மைதானம் ஒரு பூங்காவின் மூலையில் இருந்தது. காலையில் பெட்டையள், பின்னேரம் பெடியன்கள், இரண்டும் ஒரே இடத்தில், ஒரே எதிர்க் கல்லூரியோடு. பார்க்க வந்தவர்கள் மடக்குக் கதிரைகளில் இருந்து மெதுவாகக் கைதட்டினார்கள். நான் முதலில் தேடியது விக்கெற்றை.

"விக்கெற்றைக் காணேல்லை அண்ணை."

"இன்னும் ஊண்டேல்லைப் போல."

ஆட்டம் தொடங்கிய பிறகும் யாரும் ஊன்றவில்லை. முகமூடி போட்ட அம்பயர் ஒருவர் குந்தியிருந்தார். (எங்கள் ஊர் அம்பயர்களுக்கு இந்த யோசனை முதலே வந்திருக்கலாம்.) ஒருத்தி பந்தை அடித்தாள், மட்டையை எறிந்துவிட்டு ஓடினாள். மட்டையை எறிந்ததற்கு எங்கள் பி.ரி. மாஸ்டர் என்றால் அவளை வெயிலில் நிற்கவைத்திருப்பார்.

"தம்பி, இது எல்லே விளையாட்டடா," என்றார் குணம் அண்ணை. எல்லே என்றால் ஊரில் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடும் விளையாட்டு.

"எல்லே எண்டா எல்லே எண்டுதானே சொல்லியிருப்பினம்? சொஃப்ட்போல் எண்டவள். லண்டனில இப்பிடித்தான் விளையாடுறாங்கள் போல. நீங்கள் பாருங்கோ."

நான்கு மூலைகளில் நான்கு வெள்ளைத் தட்டுகள் கிடந்தன. அடித்தவள் நான்கையும் வரிசையாகத் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். வரும் வழியில் யாராவது பந்தோடு அவளைத் தொட்டுவிட்டால் ஆட்டமிழப்பு. மைதானத்தைச் சுற்றிக் கயிறு இல்லை. எனவே பந்து எவ்வளவு தூரம் போனாலும் ஆட்டம் நிற்காது, அவள் ஓடித்தான் ஆக வேண்டும். இப்போது என்னால் நித்திரையிலும் இதைச் சொல்ல முடியும். அன்று தெரியாது.

வதனி மைதானத்தின் தூரத்து ஓரத்தில் நின்றாள். ஒரு பந்து உயரக் கிளம்பி அவளுக்கும் கரனுக்கும் நடுவே இறங்கியது. இருவரும் ஓடினார்கள். வதனியின் வாய் திறந்ததை நான் கண்டேன். சத்தம் வரவில்லை. இருவரும் கடைசி நொடியில் நின்றார்கள், பந்து நடுவில் விழுந்தது. மிஸ் டோனா தரையைப் பார்த்தார். அவளுக்குத் துணிவு வரட்டும் என்று "வதனீ" என்று ஒரு குரல் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்குத் துணிவு வந்துவிட்டது, நிறுத்தவில்லை.

கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் ஓட்டங்கள் சமம். வதனி மட்டையோடு வந்தாள். முதல் பந்தை விட்டாள். அடுத்ததை அடித்தாள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது, கேட்டவுடனே நெஞ்சு நிறைந்துவிட்டது. பந்து எல்லோருடைய தலைக்கும் மேலாகப் போய், மரங்களைத் தாண்டி, பக்கத்து மைதானத்தில் கால்பந்து விளையாடியவர்களுக்கு நடுவே விழுந்தது.

"சிக்ஸ்," என்றேன்.

"சிக்ஸ்தான்," என்றார் குணம் அண்ணை. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. தகரம் முழங்கியது.

பையிலிருந்து மாலையை எடுத்தேன். என் கால்கள் தாமாக ஓடின. மூன்றாவது தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவில், மாலையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வதனி மூன்றாவது தட்டை மிதித்துத் திரும்பி என்னை நோக்கி வேகமாக வந்தாள். சிக்ஸ் அடித்தவள் ஏன் இப்படி விழுந்தடித்து ஓடுகிறாள், பாவம் பிள்ளைக்கு விதிமுறை தெரியாது என்று நினைத்தேன்.

"அண்ணா," என்று முதலில் கூப்பிட்டாள்.

நான் சிரித்தேன்.

"அண்ணா, விலத்துங்கோ."

மாலையை இன்னும் கொஞ்சம் அகல விரித்தேன்.

"விலத்து! டேய் விசரா, விலத்து!"

பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை 'நீங்கள்' என்பதைத் தவிர வேறு சொல்லால் அழைக்காதவள். அந்த 'டேய்' காதில் விழுந்து, இவள் என்னையா சொன்னாள் என்று நான் மனம் வருந்தி முடிப்பதற்குள் மோதிவிட்டோம். இருவரும் உருண்டோம். மாலை மட்டும் குறி தவறவில்லை, சரியாக அவள் கழுத்தில் விழுந்தது. நாங்கள் எழுவதற்குள் மரங்களுக்கு அப்பாலிருந்து எறிந்த பந்து வந்து சேர்ந்தது. எதிரணிக்காரி ஒருத்தி அதோடு நடந்து வந்து, தரையில் கிடந்தவளின் தோளில் மெதுவாகத் தொட்டாள். அம்பயர் ஆட்டமிழப்பு என்று கையைக் காட்டினார். கடைசித் தட்டு ஓர் எட்டுத் தூரத்தில் கிடந்தது. குணம் அண்ணை இன்னும் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்.

வதனி எழுந்தாள். முழங்காலில் சேறு, கழுத்தில் பிள்ளையாரின் மாலை. என்னைப் பார்க்கவில்லை. நேரே அம்பயரிடம் போனாள். ஒரு வருடமாக அவள் தொண்டையில் தேங்கிக் கிடந்த ஆங்கிலம் முழுவதும் அந்த இடத்தில் உடைத்துக்கொண்டு வந்தது. இலக்கணம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியது, ஆனால் அவள் நிறுத்தவில்லை. தமிழில் சொன்னால் இப்படி:

"இந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது."

அம்பயர் முகமூடியைத் தூக்கினார். "தெரியாத ஆள் ஏன் உனக்கு மாலை போடுகிறார்?"

"அவருக்கு மூளை சரியில்லை. அதற்கு நானா பொறுப்பு? நான் ஓடி முடித்திருப்பேன். ஒரு நாய் குறுக்கே வந்திருந்தால் என்ன செய்வீர்கள்? இவரை ஒரு நாயாக எடுத்துக்கொள்ளுங்கள்."

எனக்காக இவ்வளவு திறமையாக இதுவரை யாரும் வாதாடியதில்லை. அம்பயரும் உண்மையாகவே யோசித்தார். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு, நாய்க்குக் கட்சி கிடையாது, இவர் காலையிலிருந்து உன்னுடைய பெயரைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார், ஆகவே இவர் உங்கள் பக்கத்து ஆள், தீர்ப்பில் மாற்றமில்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

சமமாக இருந்ததால் மேலதிகச் சுற்று விளையாடினார்கள். எதிரணிக்காரி ஒருத்தி பந்தை வானத்துக்கு அனுப்பினாள். மறுபடியும் வதனி, மறுபடியும் கரன், இருவரும் அண்ணாந்தபடி ஓடினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விலத்து!"

கண்ணைத் திறந்தேன். கரன் ஒரு பக்கமாகத் துள்ளி ஒதுங்கியிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒதுங்காதவனுக்கு என்ன நடக்கும் என்பதைச் சற்று முன்தான் கண்ணால் கண்டிருந்தாள். வதனி பந்தை அலட்டிக்கொள்ளாமல் பிடித்தாள்.

ஆனாலும் தோற்றோம். ஒரே ஓர் ஓட்டத்தால். அந்த ஓட்டம் யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அணியில் யார் யார் என்பதைப் பின்னேரம் பேஸ்போல் முடிந்த பிறகு சொல்கிறேன் என்றுவிட்டார் மிஸ் டோனா. வதனி அணியோடு புல்லில் போய் இருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. லண்டனில் அவளுக்குக் கிடைத்த ஒரே கூட்டத்தை என் கையால் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குணம் அண்ணையின் வானுக்குப் பின்னால் போய் நின்று கொஞ்சம் அழுதேன்.

திரும்பி வந்தபோது குணம் அண்ணை சமாதானப் பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தார். ரோல்ஸ் பெட்டியைத் திறந்து அணிக்கு நடுவே வைத்திருந்தார். முதல் கடியில் கரனின் முகம் அவளுடைய முடியின் நிறத்துக்கு வந்தது. தண்ணீர் குடித்தாள், கண்ணைத் துடைத்தாள், இரண்டாவது ரோல்ஸ் எடுத்தாள். எங்கள் பெயர் ஓரளவு மீண்டது.

பேஸ்போல் ஆட்டத்தை நான் வாய் திறக்காமல் பார்த்தேன். பந்து சிறியது, வேகம் அதிகம், மற்றபடி காலையில் பார்த்த அதே விளையாட்டு. ஒவ்வொரு பெடியனாகத் தட்டைத் தொட்டுத் தொட்டு ஓட, காலையில் நான் செய்தது என்னவென்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. விளங்க விளங்கத் தலை கீழே போனது. அதனால்தான் கோணலாக அடிபட்ட பந்தொன்று என் தலையைக் குறிவைத்து வந்ததை நான் காணவில்லை.

"விலத்து!"

இம்முறை ஒரு குரல் அல்ல. முழு அணியும் கத்தியது. கரனுடைய 'வி' கொஞ்சம் கோணலாக இருந்தது, ஆனால் உயிரைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது. நான் சட்டென்று சரிந்தேன். பந்து குணம் அண்ணையின் தகரத்தில் விழுந்து பெரிதாக முழங்கியது. மைதானம் முழுவதும் சிரித்தது. அணியும் சிரித்தது. அதற்குள் வதனியும் சிரித்துவிட்டாள், பிறகுதான் கோபமாக இருக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் மிஸ் டோனா என்னிடம் வந்தார். "நீங்கள்தான் அண்ணனா?"

என்ன சொல்வது? என்னைத் தெரியாது என்று அம்பயரிடம் சாட்சி சொல்லியிருக்கிறாள். அவளைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது. "அப்படியும் சொல்லலாம்," என்றேன்.

"அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

'தள்ளி நில்' என்று அர்த்தம், மரியாதை இல்லாமல் சொல்வது என்றேன். மைதானத்தில் மரியாதை தேவையில்லை என்றார் மிஸ் டோனா. எந்தப் பாஷையில் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவள் ஒதுங்கினால் சரி என்றும் சொன்னார். பிறகு அணியைக் கூப்பிட்டுப் பெயர்களை வாசித்தார். இரண்டாவது பெயர் வதனியுடையது. உச்சரிப்பில் கொலை நடந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. கரன் அவளைத் தூக்கிச் சுற்றினாள். நான் அசையாமல் நின்றேன். என்னை நம்ப முடியாது என்று குணம் அண்ணை என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தார்.

குணம் அண்ணையின் வானில் வீடு திரும்பினோம். எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது வதனி மெல்லச் சொன்னாள்: "அண்ணா, அது சிக்ஸ்தான் என்ன?"

"சிக்ஸ்தான்," என்றேன்.

"ஊரில எண்டா எனக்கு மாலை போட்டிருப்பினம்," என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் குரல் உடைந்திருந்தது.

அந்தக் கோடை முழுவதும் அந்த அணி 'விலத்து' என்றுதான் கத்தியது. வதனி படிப்பை முடித்து வெளியேறிய பிறகு சேர்ந்த பிள்ளைகளும், அது அமெரிக்கச் சொல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அப்படியே கத்தினார்களாம்.

சில வருடங்களில் எனக்குக் கலியாணம் நடந்தது. வதனி தன் அணி முழுவதையும் அழைத்திருந்தாள். கரன் உட்பட எல்லோரும் சேலை கட்டி, பொட்டு வைத்து, மண்டபத்தின் நடுவரிசையில் இருந்தார்கள். தாலி கட்டும் நேரம் வந்தது. எங்கள் கலியாண வீடியோக்காரரைப் பற்றித்தான் தெரியுமே, மூன்று பேர் கமராவும் லைற்றுமாக மேடையை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றார்கள். சனத்துக்குத் தெரிந்தது அவர்களுடைய முதுகுகள் மட்டுமே. கெட்டிமேளம் தொடங்கக் கை உயர்ந்த அந்தச் சின்ன மௌனத்தில், நடுவரிசையிலிருந்து ஒரே குரலாக வந்தது:

"விலத்து!"

வீடியோக்காரர்கள் மூவரும் விலத்தினார்கள். ஐயரும் விலத்தினார். என் மாமனாரும் தன்னைத்தான் சொல்கிறார்களாக்கும் என்று ஒரு பக்கமாக ஒதுங்கினார். தாலியைப் பிடித்தபடி நான் மட்டும் மேடையில் தனித்து நின்றேன். முன்னால் ஒருத்தி அசையாமல் குனிந்த தலையோடு இருந்தாள். அவளுக்குக் கட்டினேன்.

அந்த வீடியோவின் அந்த இடத்தைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். அத்தனை பேரும் விலத்திய இடத்தில் என் மனைவி மட்டும் விலத்தாமல் இருந்தாள் என்று நான் ஒவ்வொரு முறையும் பெருமையோடு சொல்லுவேன். அவள் குசினிக்குள் இருந்தபடி, ஒவ்வொரு முறையும், அதே பதிலைத்தான் சொல்லுவாள்.

"இந்த மாலைக் கதையை எனக்கு ஆராவது முதலே சொல்லியிருந்தா நானும் விலத்தியிருப்பன்."